தோட்டா பிறக்கும் இடம்

“காவலர் சுட்ட தோட்டா அவன் தோளில் பாய்ந்தது” என்று எழுதுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. கதையாசிரியர் எழுதுகின்றனர், செய்தியாளர் எழுதுகின்றனர், அவற்றைப் படிக்கும் மாணவரும் தம் கட்டுரைகளில் அப்படியே எழுதுகின்றனர். ஆனால் தோட்டா பாய்வதில்லை. அது துப்பாக்கிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வேலை முடிந்தபின் வெறுங்கூடாக வெளியே வந்து, சுட்டவருடைய காலடியில் விழுகிறது. பாய்வதெல்லாம் அதன் தலையில் செருகியிருந்த ஈயக் குண்டு ஒன்றே.

இச்சொற்களைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேலே செல்வோம். ‘துப்பாக்கி’ என்பது துருக்கி மொழியில் பிறந்து, பாரசீகம் உருது ஆகியவற்றின் வழியே நம்மிடம் வந்து, தமிழ்ச்சொல் போலவே உருமாறி நிலைத்துவிட்டது. ‘துப்பு’ என்னும் தமிழ் வேரிலிருந்து அது பிறந்தது என்போரும் உளர். ஓசை ஒற்றுமையைக் கண்டு மயங்குவதன்றி அதில் வேறொன்றுமில்லை. ‘தோட்டா’வும் வடக்கேயிருந்து வந்த சொல்லே என்பர். ஆனால் ‘மருந்து’ நம்முடையது. நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே பெயரா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்பானாயின், அண்டை வீட்டுச் சீனரை அவனுக்குச் சுட்டிக் காட்டலாம். அவர்களும் வெடிமருந்தைத் ‘தீ மருந்து’ என்று பொருள்படும் ‘ஹுவோ யாவ்’ என்னும் சொல்லாலேயே வழங்குகின்றனர்.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு முழுமை. பித்தளைக் கூடு ஒன்று. துப்பாக்கியின் ஊசி இடித்தவுடன் தீப்பொறி தரும் மருந்து இரண்டாவது. இதைப் பற்றுமருந்து எனலாம். அப்பொறியால் எரிந்து, எரிவளியாக விரிந்து, குண்டைத் தள்ளும் மருந்து மூன்றாவது. இதை உந்துமருந்து எனலாம். நான்காவது குண்டு. இந்நான்கும் எப்படி ஒன்று கூடுகின்றன என்பதைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து தொழிற்சாலைக்குச் செல்வோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் போர்வீரருமல்லர், வேட்டைக்காரருமல்லர். தாளில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்கள். கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் செல்பவர் போல், தம் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவர்கள் செல்கின்றனர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் புறத்தே மின்வொர்த் என்னுமிடத்தில் உள்ள ஈலி தொழிற்சாலை அத்தகையோர் நாடும் இடங்களுள் ஒன்று.

விளையாட்டுக்குத் தோட்டா வாங்குவதற்கு இத்தனை பாடு எதற்கு? கடையில் வாங்கினால் ஆகாதா? இவ்வினாவுக்கு விடை கணக்கில் இருக்கிறது.

இவர்கள் பயன்படுத்துவது ‘புள்ளி 22’ எனப்படும் சிறுதுளைத் துப்பாக்கி. இன்று வழங்கும் அதன் தோட்டா 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனம் வெளியிட்ட வகையைச் சேர்ந்தது. குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். (கிரெயின் என்றால் தானிய மணி. ஆங்கிலேயர் வாற்கோதுமை மணியை எடைக்கல்லாகக் கொண்டனர். நம் பொற்கொல்லர் நெல்லையும் குன்றிமணியையும் கொண்டனர். மனித அறிவு எங்கும் ஒரே வழியிலேதான் நடந்திருக்கிறது.) குறிப்பலகை 50 மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் நடுவேயுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தை அவ்வளவு தொலைவில் வைத்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸ் நாட்டவரான செர்கேய் மார்டினோவ் கிடந்த நிலையில் 60 முறை சுட்டு, 60 முறையும் அவ்வட்டத்தைத் தொட்டு, 600க்கு 600 பெற்றார். அதற்குமேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? 2013 முதல் தகுதிச் சுற்றிலேயே பத்து என்னும் மதிப்பெண்ணையும் பத்தாகக் கூறுபோட்டு, 10.0 முதல் 10.9 வரை எண்ணத் தொடங்கினர். கிடந்த நிலைப் போட்டி 2016க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது; மண்டியிட்டும் கிடந்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி நிலைத்திருக்கிறது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூர் வீராங்கனை ஜாஸ்மின் செர் தங்கம் வென்றது இம்மூன்று நிலைப் போட்டியில்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். போட்டித் தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 320 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகத்திற்குச் சற்றே குறைவாக இருக்குமாறு வேண்டுமென்றே அமைத்திருக்கின்றனர். ஒலியின் வேகத்தைக் கடந்து சென்று, பிறகு அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு அலைக்கழிக்கப்படும் என்பதே காரணம். 50 மீட்டரைக் கடக்க 0.156 நொடி ஆகிறது. அந்த நேரத்தில், மேலிருந்து விழும் எந்தப் பொருளையும் போலவே, குண்டும் கீழே இறங்குகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் இறக்கம் 12 சென்டிமீட்டர். குறிவில்லையை அதற்கேற்பத் திருப்பிவைத்துக் கொண்டால் இந்த 12 சென்டிமீட்டர் ஒரு பொருட்டன்று. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தோட்டாவில் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் இறக்கம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுகிறது, அதாவது 2.4 மில்லிமீட்டர். வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமே 5.2 மில்லிமீட்டர்தான். கை நடுங்கவில்லை, மூச்சு பிசகவில்லை, கண் தவறவில்லை. ஆனால் மருந்து ஓர் இம்மி குறைந்தது. மதிப்பெண்ணும் குறைந்தது. இந்த விளையாட்டுக்காரர் தேடுவது வேகமான தோட்டாவையோ வலிய தோட்டாவையோ அன்று. ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கும் தோட்டாக்களை. அத்தகைய ஒருமைப்பாடு எங்கே பிறக்கிறது என்று பார்க்கவே அவர் செல்கிறார்.

முதல் இரண்டு கூடங்களில் அவர் நெடுநேரம் நிற்பதில்லை. பித்தளைக் கூடம் எந்த உலோகத் தொழிற்சாலையிலும் காணக்கூடியதுதான். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த தகட்டிலிருந்து சிறு கிண்ணங்கள் வெட்டப்படுகின்றன. அவை படிப்படியாக இழுத்து நீட்டப்பட்டுக் குழலாகின்றன. இழுத்ததால் இறுகிய பித்தளையைச் சூடேற்றி மீண்டும் இளக்குகின்றனர். கடைசியில் அடிப்பகுதி தட்டப்பட்டு வெளியே பிதுங்கி ஒரு விளிம்பாகிறது. அவ்விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஈயக் கூடம் நம் வீட்டு அடுக்களையை நினைவூட்டும். இடியாப்ப உரலில் மாவைப் பிழிவது போல, ஈயக் கலவையைப் பெரும் அழுத்தத்தில் துளை வழியே பிழிந்து கம்பியாக்கி, துண்டு துண்டாக நறுக்கி, அச்சில் வைத்து அழுத்திக் குண்டாக்குகின்றனர். மேலே மெழுகுபோன்ற பூச்சு ஒன்று. ஈயம் நஞ்சாதலால் அங்கே உண்ணவும் பருகவும் தடையுண்டு. வெளியே வரும்போது கை கழுவியே ஆக வேண்டும்.

அடுத்த கட்டடத்திற்குச் செல்லும் வழியில்தான் சுற்றிப் பார்க்க வந்தவரின் நடை மாறுகிறது. தீப்பெட்டியும் கைப்பேசியும் வாயிலிலேயே வாங்கி வைக்கப்படும். நைலான் போன்ற செயற்கை நூலாடை உராய்வினால் மின்னேற்றம் பெறும் என்பதால் பருத்தி மேலங்கி தரப்படும். உடலிலுள்ள மின்னேற்றம் தரையில் இறங்கிவிடும்படி அமைந்த காலணி அணிய வேண்டும். கதவின் மேல் ஓர் அறிவிப்பு: இந்த அறையில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குமேல் இருத்தலாகாது, இத்தனை எடைக்குமேல் மருந்து இருத்தலாகாது. வெடிமருந்து வேலை நடக்கும் கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. இடையிடையே வெற்றிடமும் மண்மேடும் உண்டு. சில அறைகளுக்கு மூன்று பக்கம் தடித்த சுவரும், நான்காம் பக்கம் மெல்லிய தகடும் வைத்திருப்பர். வெடித்தால் அதன் வேகம் ஆளில்லாத அந்தப் பக்கமாகவே போகட்டும் என்பது கருத்து. பற்றுமருந்து செய்யும் அறைக்குள் வெளியாரை விடுவதில்லை.

பற்றுமருந்தின் வரலாறு ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் திருச்சபைப் போதகரான அலெக்சாந்தர் போர்சைத் பறவை சுடுவதில் பெருவிருப்பமுடையவர். அக்காலத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் தட்டிப் பொறி பறந்து, கிண்ணத்திலுள்ள மருந்து பற்றி, அதன்பிறகே உள்மருந்து பற்றும். அந்த ஒளியைக் கண்டே பறவை பறந்துவிடும். இதற்கு மாற்றுத் தேடிய போதகர், தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொருள்களைக் கொண்டு புதிய முறை ஒன்றை அமைத்து, 1807இல் காப்புரிமை பெற்றார். படைகளின் போக்கையே மாற்றிய இந்தக் கண்டுபிடிப்பு ஓர் விளையாட்டு ஆர்வலரின் ஏமாற்றத்தில் பிறந்தது. 1845இல் பாரீஸ் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் புளோபர், பற்றுமருந்து வைத்த சிறு குப்பியின் வாயில் ஒரு குண்டைச் செருகி, வீட்டுக் கூடத்திலேயே சுட்டு விளையாடுவதற்கான தோட்டாவை ஆக்கினார். இன்றைய புள்ளி 22 அதன் பேரப்பிள்ளை.

அக்காலத்தில் பயன்பட்டது பாதரசத்திலிருந்து செய்யும் பற்றுமருந்து. உராய்ந்தாலும் வெடிக்கும், விழுந்தாலும் வெடிக்கும். ஈலி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஈலி 1841இல் இலண்டனில் தம் சொந்தத் தொழிற்கூடத்திலேயே அம்மருந்து வெடித்து மாண்டார். 1859இல் பர்மிங்காம் நகரின் நடுவே விட்டால் தெருவில் இருந்த பற்றுக்குப்பித் தொழிற்கூடம் ஒன்று வெடித்துத் தகர்ந்தது. இறந்தவர் ஏறத்தாழ இருபதின்மர். அன்று அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. விரல் மெல்லியது, கூலி குறைவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நிறுவனம் அதன்பின் நகருக்கு வெளியே விட்டன் என்னுமிடத்திற்குச் சென்றது. நகர நடுவில் மருந்து இருத்தலாகாது என்பதை இருபது உயிர் கொடுத்துக் கற்றனர்.

இன்று பாதரசத்தின் இடத்தை வேறு சேர்மங்கள், குறிப்பாக ஈயச் சேர்மம் ஒன்று, பெற்றிருக்கின்றன. அதுவும் உலர்ந்த நிலையில் கொடியதே. ஆகையால் அதை ஈரமாகவே வைத்துக் கையாளுகின்றனர். பிசைந்த மாவு போன்ற அந்த ஈரக்கலவையைத் துளைத்தட்டில் தடவி, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு உருண்டையை ஒவ்வொரு பித்தளைக் கூட்டிலும் விழச் செய்கின்றனர். பிறகு கூடு மிக வேகமாகச் சுழற்றப்படுகிறது. தயிர் கடையும்போது சட்டியின் ஓரத்தில் தயிர் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவ்வாறே கலவை நடுவைவிட்டு ஓடி, முன்னே சொன்ன விளிம்பின் பொள்ளலுக்குள் போய்த் தங்குகிறது. அங்கே அது உலர்ந்தபின்புதான் அதற்கு உயிர் வருகிறது. விளிம்பில் ஓரிடம் நிரம்பாமல் விட்டுப்போய், துப்பாக்கியின் ஊசியும் சரியாக அந்த இடத்தையே இடிக்குமானால் தோட்டா ஊமையாகிவிடும். ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால் வெடிக்கும். ஆனால் ஒரே சீராக வெடிக்காது. ஆகவே இந்த ஈர உருண்டையே போட்டியின் வெற்றிக்கும் தோல்விக்கும் பாதிக் காரணம்.

உந்துமருந்து வேறு வகை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்தின் காலம் 19ஆம் நூற்றாண்டோடு ஏறக்குறைய முடிந்தது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தால் அது வெடிபஞ்சாகிறது என்பதைச் சொன்பைன் என்னும் வேதியலார் 1840களில் கண்டார். அதை அடக்கி, சீராக எரியச் செய்யும் வழியை 1884இல் பிரான்சில் வியேய் கண்டார். 1889இல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள தொழிற்சாலை அந்தக் கார்டைட்டின் பெயரைத் தாங்கியதே. நம்மவர் ‘வெடிமருந்துத் தொழிற்சாலை’ என்பர். புகையற்ற இம்மருந்து ஒரு சிறுதுளைத் தோட்டாவில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே நிரப்பப்படுகிறது. நிரப்புவது எடை பார்த்தன்று. படியால் அளப்பது போல, ஒரே அளவான துளைகளில் நிரம்பும் கொள்ளளவைக் கொண்டே. படியில் தலைதட்டி அளந்தாலும் குலுக்கி அளந்தாலும் அரிசியின் அளவு மாறுவதை எந்தத் தாயும் அறிவாள். மருந்தும் அவ்வாறே. ஆகவே அறையின் ஈரப்பதம், மருந்து விழும் உயரம், இயந்திரத்தின் அதிர்வு யாவும் ஒரே தன்மையில் இருக்குமாறு பார்க்கின்றனர்.

ஒரு தோட்டாவுக்குக் கிராமில் பத்தில் ஒன்று என்றால் எளிதாகத் தோன்றும். நிரப்பும் கூடத்திலோ அது கிலோக் கணக்கில் சேர்ந்திருக்கும். பின்லாந்தில் லாபுவா என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1923இல் அரசு தோட்டாத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. உலகப் போட்டிகளில் பெயர் பெற்ற தோட்டாக்கள் அங்கிருந்து வந்தன. 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காலை, வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், மருந்து நிரப்பும் கூடம் வெடித்தது. 40 பேர் மாண்டனர். அவர்களுள் 35 பேர் பெண்கள். பின்லாந்து விடுதலை பெற்ற பின்னர் அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் நேர்ந்த விபத்துகளிலெல்லாம் பெரியது இதுவே. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர் அது. காலையில் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குப் போன தாயும் தமக்கையும் அன்று வீடு திரும்பவில்லை. தொழிற்சாலை பின்னர் நகருக்கு வெளியே மாற்றப்பட்டது. பழைய கட்டடங்களில் இப்போது நூலகமும் ஓவியக்கூடமும் இருக்கின்றன. அவ்விடத்திற்கு ஊரார் வழங்கும் பெயர் ‘பழைய வெடி’ என்று பொருள்படுவது.

உலகின் எந்தச் சுடுகளத்திற்குச் சென்றாலும் ‘லாபுவா’ என்னும் சொல் காதில் விழும்; தோட்டாவின் பெயராகவே விழும். அது ஓர் ஊர் என்று அறிந்தவர் எத்தனை பேர்? மருந்துக் கூடத்தின் கதவிலுள்ள அந்த அறிவிப்பை, சுற்றிப் பார்க்க வந்தவர் சம்பிரதாயம் என்று எண்ணிக் கடந்துவிடலாகாது. அறையில் மருந்து குறைவாகவும், தூசியின்றியும், ஆள் குறைவாகவும் இருக்கவேண்டும் என்பன தொழிலாளரின் உயிருக்காக வந்த விதிகள். ஆனால் சிறு சிறு அளவாக, தூய்மையாக, ஒரே முறையாக வேலை செய்தால்தான் தோட்டாவும் ஒரே தன்மையாக அமைகிறது. விளையாட்டுக்காரர் விரும்பும் சீர்மையும் நிரப்புகிற பெண் வீடு திரும்புவதும் ஒரே பழக்கத்தைச் சார்ந்து நிற்கின்றன.

கடைசியாகச் சோதனைக் களம். நிலத்தோடு அசையாமல் பொருத்திய இறுக்கியில் வந்தவருடைய துப்பாக்கிக் குழலைப் பிணைக்கின்றனர். அவர் தோளும் கையும் கண்ணும் இப்போது கணக்கில் இல்லை. துப்பாக்கியும் தோட்டாவும் மட்டுமே பேசுகின்றன. 50 மீட்டருக்கப்பால் மின்கருவி ஒவ்வொரு குண்டும் சென்ற இடத்தைப் பதிகிறது. ஒரு தொகுதியிலிருந்து பத்துப் பத்தாக நாற்பது தோட்டா சுடுவது வழக்கம். பின்பு குழலைத் துடைத்து அடுத்த தொகுதி. தொகுதி என்பது ஒரே ஈயத்தையும் ஒரே மருந்தையும் கொண்டு ஒரே ஓட்டத்தில் செய்யப்பட்டது. அதன் எண் பெட்டியின் மடலில் அச்சிடப்பட்டிருக்கும்.

இங்கேதான் வியப்பு. ஒரே விலை, ஒரே பெயர், ஒரே தரம்; ஆயினும் ஒரு தொகுதி ஒரு குழலில் நாற்பது குண்டையும் ஏறக்குறைய ஒரே துளையில் இட்டுவிடும். அடுத்தவர் குழலில் அதே தொகுதி சிதறும். ஒவ்வொரு குழலின் துளையும் மயிரிழையில் ஒரு பங்கு வேறுபடுகிறது. சுடும்போது ஒவ்வொரு குழலும் தனக்குரிய முறையில் அதிர்கிறது. குண்டு வாயைவிட்டு வெளியேறும் கணமும் அந்த அதிர்வும் ஒத்துப்போனால் நன்மை. ஒருவருக்கு ஒத்த மருந்து மற்றவருக்கு ஒவ்வாது என்று நம் வைத்தியர் சொல்வது இந்த மருந்துக்கும் பொருந்துகிறது.

ஆறு தொகுதி, எட்டுத் தொகுதி என்று சுட்டுப் பார்த்து, மாலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தொகுதியில் இன்னும் எத்தனை பெட்டி எஞ்சியிருக்கிறது என்பதே அவருடைய அடுத்த கேள்வி. பெட்டிக்கு 50 தோட்டா. நூறு பெட்டி கொண்டது 5,000. எஞ்சியதையெல்லாம் வாங்கிவிட விரும்புகிறார், பணம் போதவில்லை, போதுமட்டும் வாங்குகிறார். அதே இயந்திரம், அதே ஆட்கள், அதே கலவை இருந்தாலும் அதே தொகுதியை மறுமுறை செய்ய எவராலும் இயலாது. வாங்கியது தீர்ந்தவுடன் குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட வேண்டியதுதான்.